இரண்டு படங்கள், இரண்டு சொற்கள்

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது வெளியான இரண்டு செய்திப் படங்கள் என்னை இன்றும் வருத்துகின்றன. இரண்டிலும் மார்பளவு வெள்ளத்தில், உணவுப் பொருட்களோடு மனிதர்கள் நடந்து வருகிறார்கள். கறுப்பின இளைஞர் மளிகைக் கடையைக் கொள்ளையடித்து வருவதாக ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. வெள்ளையர் இருவர் ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வருவதாக இன்னொன்று எழுதியது. எழுதியவர்கள் வெவ்வேறு நிறுவனத்தார் என்பது உண்மைதான். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த கறுப்பின மக்களின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! அதைவிடக் கொடியது, அந்நகரின் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்தவர்களிடையே கொலைகள் மலிந்துவிட்டதாக ஊடகங்கள் பரப்பிய செய்தி. அதில் பெரும்பகுதி ஆதாரமற்றது என்று அடுத்த மாதமே தெரியவந்தது. அதற்குள், குடிநீருக்காகக் காத்திருந்த மக்களைக் கண்டு நாடே அஞ்சத் தொடங்கியிருந்தது.