மதிலோரக் காகிதப்பூ: நாட்குறிப்பு

நவம்பர் 3

காகிதப்பூச் செடியை இன்று மதிலோரம் நட்டேன். தொட்டியை இரண்டு பக்கமும் கத்தரித்து, வேர்மண் உடையாமல் குழிக்குள் இறக்க அரை மணி நேரம் பிடித்தது. இந்தக் கொடிக்கு வேர் நூல் மாதிரி. கொஞ்சம் உலுக்கினாலும் அறுந்துவிடும். முன்பு ஒரு செடியை வேர்மண்ணை உதறிவிட்டு நட்டேன். பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது, அப்புறம் துளிர்க்கவே இல்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

இடம் நல்ல இடம். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் விழும்.

நவம்பர் 20

பிழைத்துவிட்டது! கணுவுக்குக் கணு துளிர்.

டிசம்பர் 14

ஒரு கிளை மதிலைத் தொட்டுவிட்டது. இலைகள் கரும்பச்சையில் தளதளவென்று இருக்கின்றன. பூ மட்டும் இல்லை. தப்பு என்னுடையதுதான். தினமும் தண்ணீர், வாரம் தவறாமல் சாணக் கரைசல் என்று ஊட்டிக்கொண்டே இருந்தேன். தழைச்சத்து கூடினால் இந்தக் கொடி இலையாகவே போடும். இன்றோடு உரத்தை நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 21

கிளைகளைச் சணல் கயிற்றால் கம்பியில் கட்டினேன். பற்றிக்கொள்ள இதற்குச் சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி கிடையாது. முள்ளைக் கொக்கி மாதிரி மாட்டித்தான் மேலே ஏறுகிறது, ஆனாலும் நாம்தான் வழிகாட்ட வேண்டும். கையுறையையும் மீறி ஒரு முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. உடனே நினைவுக்கு வந்தவர் ழான் பாரே. 1767-இல் பிரெஞ்சுக் கடலோடி புகன்வில்லின் கப்பல் பயணத்தில் தாவரவியலாளர் காமர்சன் ரியோ டி ஜெனிரோவில் இந்தக் கொடியைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் போனவர் பாரே. உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். கொடிக்கோ புகன்வில்லா என்று கப்பல் தலைவரின் பெயர் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஜனவரி 6

தண்ணீரைக் குறைத்தது எனக்குத்தான் பெரிய சோதனை. மத்தியான வெயிலில் இலை துவண்டு தொங்கும்போது கை தானாக வாளிக்குப் போகிறது. ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: மாலையில் நிமிர்ந்துவிட்டால் விட்டுவிடுவது, மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால் வேர் வரை நனைய ஒரே தடவை ஊற்றுவது. இப்போது ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் ஊற்றுகிறேன்.

ஜனவரி 29

நுனிக் கிளையை உருப்பெருக்கியில் பார்த்தேன். கீழ்க் கணுக்களில், இலைக் கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் மூலையில், முள். அதே கிளையின் மேல் கணுக்களில், அதே கக்கத்தில், முள்ளுக்குப் பதில் மெல்லிய காம்பு, அதன் முனையில் கடுகளவு மொட்டு! முள்ளும் பூங்காம்பும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறவை என்று படித்திருந்தாலும் கண்ணால் பார்ப்பது வேறு. இலையாகத் தழைத்துக்கொண்டு போனால் முள், நீண்ட இரவும் வறட்சியும் கூடி வந்தால் பூ. டிசம்பரில் என் விரலில் குத்தியது, பூவாகியிருக்க வேண்டியது.

பிப்ரவரி 17

மதில் முழுக்கக் கருஞ்சிவப்பு. நாம் பூ என்று சொல்வது நிறம் மாறிய மூன்று இலைகள், பூவடிச் செதில்கள். முதலில் பச்சையாகத்தான் இருந்தன, ஓரத்திலிருந்து நிறம் ஏறியது. அவற்றின் நடுநரம்பில் ஒட்டியபடி மூன்று மெல்லிய குழல்கள். அதில் ஒன்று இன்று காலை விரிந்திருந்தது, குட்டி வெள்ளை நட்சத்திரம். உண்மையான பூ அதுதான். அந்திமந்தாரையும் இதே குடும்பம், அதிலும் இதே குழல்வடிவம்.

மார்ச் 24

செதில்கள் நிறம் வெளுத்து, காற்றடித்தால் சரசரவென்று தரையில் ஓடுகின்றன. பூ புதுக் கிளையில்தான் வரும் என்பதால் பூத்து முடிந்த நுனிகளைக் கவாத்து செய்தேன். பென்சில் தடிமனில் நான்கு முற்றிய குச்சிகளை ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்திருக்கிறேன்.