இருபது மில்லிமீட்டர் ஷாஃப்ட்: இன்ஸ்பெக்‌ஷன் அறைக் குறிப்புகள்

ஏப்ரல் 2, 2024

அறையின் ஏ.சி. இன்னும் சரியாகவில்லை. மதியம் தெர்மாமீட்டர் 36 காட்டியது. கோவையில் ஏப்ரல் மாதத்துக்கு இது சாதாரணம்தான். மோட்டார் பாகங்களை அளந்து பார்க்கும் எங்கள் வேலைக்கோ 16 டிகிரி அதிகம். வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய அளவு. 1931-லேயே சர்வதேச அளவில் அப்படி முடிவு செய்துவிட்டார்கள்.

எஃகு ஷாஃப்டுக்கு (மோட்டாரில் சுழலும் தண்டு) அவ்வளவு கவலையில்லை. அதை அளக்கும் மைக்ரோமீட்டரும் எஃகுதான், ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும். தொல்லை மோட்டார் மூடியில். அது அலுமினியம், எஃகைப் போல இரண்டு மடங்கு விரியும். ஷாஃப்டைத் தாங்கிச் சுழலவிடும் 6204 பேரிங் உட்காரும் 47 மி.மீ. துளையை இன்றைய சூட்டில் அளந்து 47.005 என்று வந்தால், 20 டிகிரியில் அது ஏறக்குறைய 46.996 தான். கீழ் எல்லை 47.000. மேஜையில் பாஸ் ஆன மூடி உண்மையில் ரிஜெக்ட்.

ஏ.சி. வரும்வரை மூடிகளை அனுப்ப வேண்டாம் என்றேன். முதலாளிக்கு மனசில்லை. கணக்கைப் போட்டுக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 4

ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் பயிற்சிக்கு வந்திருக்கிறான். கை சுத்தம், கண் கூர்மை. ஆனால் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் திருகும் உருளையான திம்பிளைப் பிடித்து இறுக்குகிறான், நுனியில் இருக்கும் ராட்செட் குமிழைத் தொடுவதே இல்லை.

“ராட்செட் எதுக்குங்க்கா? திம்பிளைத் திருகினாலே நிக்குதே.”

வாயால் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஒரே பின்னை அவனுக்குப் பிடித்தபடி இறுக்கி அளக்கச் சொன்னேன், அப்புறம் ராட்செட்டில். இறுக்கியபோது நூறில் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக வந்தது. திருகு என்பதே சின்ன விசையைப் பெரிதாக்கும் பொறி. விரல் கொஞ்சம் அழுத்தினாலும் சி வடிவ உடம்பு வளைந்து வாய் திறந்துவிடும். ராட்செட் எப்போதும் ஒரே அழுத்தத்தில் வழுக்கிவிடுகிறது. மெதுவாகத் திருகி இரண்டு மூன்று கிளிக், அவ்வளவுதான்.

கூடவே இன்னும் சில பழக்கங்கள். அளக்கும் முகங்களுக்கு நடுவே சுத்தமான தாளை லேசாகப் பிடித்து இழுத்துத் துடைப்பது. வாயை மூடி, சுழியில் நிற்கிறதா என்று பார்ப்பது. கையில் வெகு நேரம் வைத்திருக்காமல் ஸ்டாண்டில் மாட்டுவது, உள்ளங்கைச் சூடும் உடம்பை நீட்டும். முதலில் வெர்னியரில் ஒரு தோராயம் பார்த்துக்கொள்வது, இதுதான் ரொம்ப முக்கியம். திம்பிள் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்தான் நகரும். அந்த அரைக்கோட்டைக் கவனிக்காமல் விட்டால் 20.51 என்பது 20.01 ஆகிவிடும். பழகியவர்கள்கூட அவசரத்தில் விடுவார்கள்.

ஏப்ரல் 5

கேலிப்ரேஷனுக்கு (அளவுச் சரிபார்ப்பு) போயிருந்த 0–25 மைக்ரோமீட்டர் திரும்பி வந்தது. சான்றிதழில் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை) அளவுகளைப் பார்த்துப் பையன் குழம்பினான். ஐந்து, பத்து என்று முழு எண்ணாக வைத்தால் திம்பிள் எப்போதும் சுழியிலேயே நிற்கும். திருகின் ஒரு சுற்றுக்குள் பிழை இருந்தால் தெரியவே தெரியாது. இந்த அளவுகளில் அது 0, 10, 20, 30, 40 என்று வெவ்வேறு இடங்களில் நிற்கும். யோசித்து வைத்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஏப்ரல் 8

வெளியே சென்டர்லெஸ் கிரைண்டிங்குக்கு (மையத்தில் பிடிக்காமல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வைத்து அரைப்பது) கொடுத்த ஷாஃப்டுகள் வந்தன. 20 மி.மீ., கே6 ஃபிட். அப்படியென்றால் விட்டம் 20.002-இலிருந்து 20.015 வரை இருக்கலாம். மொத்தமே 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடம் என்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் போதாது. மைக்ரான் படிக்கும் மைக்ரோமீட்டரை எடுத்தோம். பெட்டியில் கையை விட்ட இடத்திலெல்லாம் 20.009, 20.010, 20.011. ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி அளந்தாலும் அதேதான்.

மாலையில் அசெம்பிளியிலிருந்து ஆள் வந்தார். பேரிங் வழக்கத்தைவிட இறுக்கமாக ஏறுகிறது, ஏற்றிய பிறகு கையால் சுற்றினால் சத்தம் வருகிறது என்றார். பேரிங்கின் உள்துளையை அளந்தோம், ஒழுங்காகவே இருந்தது. 20.015-க்கான ரிங் கேஜில் (அளவு பார்க்கும் வளையம்) ஷாஃப்டைப் போட்டால் நுழையவில்லை. மைக்ரோமீட்டர் 20.010 என்கிறது!

ஏப்ரல் 9

காலையில் முதல் வேலையாக ஷாஃப்டை சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதள மேடை) 90 டிகிரி வீ பிளாக்கின் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டை) மேல் படுக்க வைத்து, மேலே மைக்ரான் காட்டும் முள் டயலைத் தொடவைத்துச் சுற்றினேன். முள் ஏறி இறங்கியது. ஒரு முழுச் சுற்றில் மூன்று முறை ஏற்றம், மூன்று முறை இறக்கம். ஏற்ற இறக்கம் 12 மைக்ரான்.

சந்தேகப்பட்டது சரிதான். ஷாஃப்ட் வட்டமாக இல்லை, மும்முனையாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினாலும் தெரியாது.

மைக்ரோமீட்டர் இரண்டு எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை மட்டுமே சொல்லும். மும்முனை வடிவத்தில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் இருக்கும். மேடு எவ்வளவு கூடுகிறதோ அதே அளவு எதிர்ப்பக்கம் குறைகிறது. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே எண்தான் வரும். இதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோவின் பெயரால் அழைக்கும் முக்கோணம். பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயத்துக்கு ஏழு பக்கம் இருந்தும் எங்கே அளந்தாலும் ஒரே அகலம் வருவது இதே கணக்கில்தான்.

90 டிகிரி வீ பிளாக்கில் மூன்று மேட்டு வடிவத்தின் பிழை இரண்டு மடங்காகத் தெரியும். ஆக, டயலின் 12 என்பது உண்மையில் 6 மைக்ரான் வட்டப்பிழை. ஷாஃப்டை முழுசாகச் சுற்றி வளைக்கும் வட்டத்தின் விட்டம் 20.010-உடன் 6 மைக்ரான் சேர்ந்து 20.016. மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. ரிங் கேஜ் சொன்னதும் அதையேதான். பேரிங்கின் உள்வளையம் மெல்லியது, ஷாஃப்டின் வடிவத்தையே வாங்கிக்கொள்ளும். சத்தத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பையன் 60 டிகிரி வீ பிளாக்கிலும் வைத்துப் பார்த்தான். முள் 18 வரை ஆடியது, அதில் பிழை மூன்று மடங்காகத் தெரியும் என்பதால் கணக்கு கச்சிதமாக ஒத்துப்போனது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. 60 டிகிரியில் ஐந்து மேடு தெரியாது, 90 டிகிரியில் தெரியும். அதனால் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 12

கிரைண்டிங் பட்டறைக்கு ஒரு ஷாஃப்ட், வீ பிளாக், டயல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். “மைக்ரோல சரியாத்தானுங்களே இருக்குது” என்றார் மெஷின்காரர். அவர் சொல்வதும் பொய்யில்லை. வீ பிளாக்கில் அவரையே சுற்றிப் பார்க்கச் சொன்னேன். முள் ஆடியதைப் பார்த்ததும் மறுபேச்சு இல்லை, நேராக மெஷினுக்குக் கூட்டிப்போனார்.

சென்டர்லெஸ்ஸில் இரண்டு சக்கரங்களின் மையக்கோட்டுக்கு மேலே அரைபடும் ஜாபின் மையம் கொஞ்சம் தூக்கி நிற்க வேண்டும். அதே கோட்டில் நின்றால் ஒரு பக்க மேடு எதிர்ச் சக்கரத்தில் பட்டு இந்தப் பக்கம் பள்ளம் அறுக்க வைக்கும். பள்ளமும் மேடும் ஜோடி சேர்ந்தே வளரும், விட்டம் மட்டும் மாறவே மாறாது. ஜாபைத் தாங்கும் பிளேடைத் தேய்த்துச் சரி செய்தபோது அடியில் வைக்கும் தகடு மாறிவிட்டிருக்கிறது. மையம் கீழே இறங்கிவிட்டது.

ஏப்ரல் 16

பிளேடை உயர்த்தி அரைத்த சாம்பிள்கள் நேற்றே வந்தன. நேற்று ஏ.சி.யும் வந்துவிட்டதால் சர்ஃபேஸ் பிளேட்டில் இரவு முழுக்கக் கிடந்து அறைச் சூட்டுக்கு வந்திருந்தன. 90 டிகிரி வீ பிளாக்கில் முள் 2 மைக்ரானுக்கு மேல் ஆடவில்லை. ரிங் கேஜுக்குள் எண்ணெய் தடவியதும் வழுக்கிப் போனது. பழைய பெட்டி முழுவதையும் ரிஜெக்ட் செய்து சிவப்பு அட்டை கட்டினோம்.

வரைபடத்தில் விட்டம் மட்டுமே இருந்தது, வட்டத்தன்மைக்கு எல்லை எதுவும் இல்லை. 3 மைக்ரான் என்று சேர்க்கச் சொல்லி டிசைனுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை, சென்டர்லெஸ்ஸிலிருந்து வரும் எந்த ஜாபுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் கார்டில் வீ பிளாக் ரீடிங்குக்கு ஒரு கட்டம் உண்டு. நாளை முதல் அதைப் பையன் நிரப்புவான். மூடிகளை நானே அளக்கிறேன்.