லியேஜ் போகிறவர்கள் ‘லாய்க்’ பலகையைத் தேடவும்

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் சாவென்டம் விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு லியேஜ் நகரத்துக்குக் கிளம்புகிறவர், ஈ40 நெடுஞ்சாலையில் வெகுதூரம் வரை ‘லியேஜ்’ என்ற பெயரைப் பார்க்கவே மாட்டார். பலகைகள் எல்லாம் ‘லாய்க்’ என்றுதான் சொல்லும். லியேஜுக்கு டச்சுப் பெயர் அது. மொழி எல்லையைத் தாண்டினால் லாய்க் மறைந்து லியேஜ் வந்துவிடும். அந்தச் சாலை எல்லையை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கடக்கிறது, ஆகவே பெயரும் போய்ப் போய் வரும். வழி தவறிவிட்டோமோ என்று நடுவில் இறங்குகிறவர்கள் நிறைய. இறங்க வேண்டாம், சரியான வழிதான்.

பெல்ஜியத்தில் சுற்றுவதற்கு முதலில் தெரிய வேண்டியது ஒரே ஒரு விதி. பேசுகிற ஆளைப் பார்த்து மொழி மாறாது, நிற்கிற மண்ணைப் பார்த்துத்தான் மாறும். வடக்கே பிளாண்டர்ஸில் டச்சு. தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு. கிழக்கு ஓரத்தில் ஒன்பது நகராட்சிகளில் ஜெர்மன். பிரஸ்ஸல்ஸின் 19 நகராட்சிகளில் மட்டும் டச்சும் பிரெஞ்சும் சமமாக. 1962, 1963 சட்டங்கள் இந்த எல்லைக் கோட்டை நிலையாகப் போட்டுவிட்டன. சாலைப் பலகை, ரயில் அறிவிப்பு, நகராட்சிக் கடிதம் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை. 2024ல் பிரஸ்ஸல்ஸை நோக்கி வில்வோர்டு பக்கம் வந்துகொண்டிருந்த ரயிலில் ஒரு டிக்கெட் பரிசோதகர் டச்சிலும் பிரெஞ்சிலும் வணக்கம் சொன்னார். அது டச்சு மண், அங்கே ‘பொன்சூர்’ கூடாது என்று ஒரு பயணி மொழிக் கண்காணிப்பு ஆணையத்திடம் புகாரே கொடுத்துவிட்டார். வெளியிலிருந்து போகிறவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு காலத்தில் தங்கள் மொழியில் படிக்கவும் வழக்காடவும் போராட வேண்டியிருந்த மக்கள் பிளாண்டர்ஸ்காரர்கள். மொழிக்காகத் தெருவில் இறங்கிய வரலாறு தெரிந்த நமக்கு அது புரியும்.

கிளம்புவதற்கு முன் போகும் ஊர்களின் இரண்டு பெயர்களையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்ட்வெர்பன் பிரெஞ்சில் ஆன்வெர்ஸ். மெக்கலன் என்பதும் மலீன் என்பதும் ஒரே ஊர். கோர்ட்ரெய்க் என்றால் கூர்த்ரே. தூர்னே டச்சில் டோர்னிக். ‘ரெய்சல்’ என்ற பலகையைப் பார்த்தால் அது பெல்ஜிய ஊரே அல்ல, பிரான்சின் லில் நகரம். நிறையப் பேரைக் குழப்புவது மோன்ஸ். டச்சில் அது பெர்கன். ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொருள் மலைதான். திருமறைக்காடு வேதாரண்யம் ஆனது போல, பொருளைப் பெயர்த்து வைத்த பெயர். ரயில் ஆப்பில் எந்தப் பெயரை அடித்தாலும் நிலையம் வந்துவிடும். ஆனால் பிளாட்ஃபாரத்துப் பலகையில் அந்த மண்ணின் பெயர்தான் ஓடும். ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் நம்பாமல் புறப்படும் நேரம், பிளாட்ஃபார எண், வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பெயர் மாறினாலும் நேரமும் எண்ணும் மாறாது.

விமான நிலையத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ‘சாவென்டம்’ என்று ஒரு ரயில் நிலையம் உண்டு, அது சாவென்டம் ஊருக்கானது. விமான நிலையத்துக்குக் கீழே இருப்பதன் பெயர் ‘பிரஸ்ஸல்ஸ் ஏர்போர்ட் - சாவென்டம்’. விமான நிலைய டிக்கெட்டில் டியாபோலோ என்ற தனிக் கட்டணம் சேர்ந்திருக்கும். ஊருக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் இறங்கினால் வெளியேறும் தானியங்கிக் கதவு திறக்காது. இன்னொன்று, மலிவு விமானங்கள் ‘பிரஸ்ஸல்ஸ் சவுத் ஷார்லெரூவா’ என்று விற்பது தலைநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கும் வேறு விமான நிலையம். டிக்கெட் விலையோடு பஸ் கட்டணத்தையும் இரண்டு மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யவும்.

பிரஸ்ஸல்ஸுக்குள் மூன்று பெரிய நிலையங்கள்: வடக்கு, மத்திய, தெற்கு. யூரோஸ்டார் வந்து நிற்பது தெற்கு நிலையத்தில். டச்சில் சௌட், பிரெஞ்சில் மிடி. ‘மிடி’க்கு நண்பகல் என்றும் பொருள் உண்டு என்பதால் அகராதியைப் பார்க்கிறவர்கள் மேலும் குழம்புவார்கள். பழைய நகரச் சதுக்கத்துக்குப் போக மத்திய நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான்.

இந்த நாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஓஸ்டெண்டேயிலிருந்து யூப்பன் போகும் ஐசி (இன்டர்சிட்டி) வண்டியில் ஏறுங்கள் என்பேன். மேற்கே கடற்கரையில் கிளம்பி கிழக்கே ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் முடியும், மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். முன்பதிவு கிடையாது, இருக்கை எண் கிடையாது. டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே ஆப்பிலோ இயந்திரத்திலோ எடுத்துவிட வேண்டும், வண்டிக்குள் பரிசோதகரிடம் எடுத்தால் கூடுதல் கட்டணம். ஓஸ்டெண்டே, ப்ருக்கே, கென்ட் வரை அறிவிப்பு டச்சில் மட்டும். பிரஸ்ஸல்ஸின் மூன்று நிலையங்களில் இரண்டு மொழியும் கேட்கும். அதைத் தாண்டினால் லூவன் வரை மறுபடி டச்சு மட்டும். பிறகு வண்டி அதிவேகப் பாதையில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடும். அந்த ஓட்டத்துக்கு நடுவில் எங்கேயோ கோடு கடந்து போயிருக்கும், ஜன்னலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே பரிசோதகர், அதே குரல், ஆனால் வாயில் பிரெஞ்சு. லியேஜ்-கீய்மேன் நிலையத்தில் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் போகலாம். கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்து 2009ல் திறந்த அந்த வெள்ளை இரும்புக் கூரைக்கு அடியில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. வெர்வியே, வெல்கன்ராத் தாண்டி யூப்பனில் இறங்கினால் கடைப் பலகைகள் ஜெர்மனில் இருக்கும். யூப்பன் வட்டாரம் முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தத்தால் பெல்ஜியத்துக்கு வந்தது.

இதே பாதையில் மாணவர்கள் ஏமாறும் இடம் லூவன். 1425ல் தொடங்கிய பல்கலைக்கழகம் மொழிச் சண்டையில் 1968ல் பிளவுபட்டது. டச்சுப் பாதி லூவனிலேயே இருந்துகொண்டது. பிரெஞ்சுப் பாதி வெளியேறி, எல்லைக்குத் தெற்கே வெறும் வயலில் ஒரு புது ஊரையே கட்டிக்கொண்டு போனது. அந்த ஊர்தான் லூவேன்-லா-நவ், அதாவது புது லூவன். நூலகத்தையும் பங்கு போட்டார்கள். அலமாரி எண் ஒற்றைப்படை என்றால் ஒருவருக்கு, இரட்டைப்படை என்றால் மற்றவருக்கு என்று பிரித்ததாகச் சொல்வார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 25 கி.மீ. கேயூ லூவன் கடிதம் கையில் இருந்தால் டச்சு ஊர், விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு. யூசி லூவேன் என்றால் பிரெஞ்சு ஊர், பெரும்பாலும் ஒட்டினியியில் வண்டி மாற வேண்டும். வீடு பிடிக்கும் முன்பே கடிதத்தின் தலைப்பை இன்னொரு தடவை படித்துவிடுங்கள், இல்லையென்றால் தவறான ஊரில் முன்பணம் கட்டிவிட நேரும்.

ஊரைச் சரியாகப் பிடித்த பிறகு அடுத்து நேரம். டச்சு பேசுகிறவர் ‘ஹால்ஃப் ஆக்ட்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அரை எட்டு’. எட்டரை என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். அது ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வந்துவிட்டது என்று கணக்கு. ஜெர்மன் பகுதியிலும் இப்படித்தான். ‘அரை எட்டுக்கு ஐந்து முன்’ என்பார்கள், அது ஏழு இருபத்தைந்து. சந்திப்பு நேரத்தை எப்போதும் 19:30 என்று எண்ணில் எழுதி வாங்குங்கள்.

பிரெஞ்சுப் பக்கம் மணி ஒழுங்கு, சாப்பாடு சிக்கல். பாரிஸில் ‘தீனே’ என்றால் இரவு உணவு. பெல்ஜியத்தில் தீனே மதியச் சாப்பாடு. காலை உணவு ‘தெஜூனே’, இரவு உணவு ‘சூப்பே’. பிரான்சில் பிரெஞ்சு படித்துவிட்டு வருகிறவரைத் தீனேவுக்கு அழைத்தால் மாலை ஏழு மணிக்குப் பூங்கொத்தோடு போய் நிற்பார், அவருக்காக எடுத்துவைத்த சாப்பாடு மதியமே ஆறிப்போயிருக்கும். எண்களும் அப்படியே. எழுபதுக்கு செப்டாந்த், தொண்ணூறுக்கு நோனாந்த் என்று நேராகச் சொல்வார்கள். பிரான்சின் ‘அறுபது-பத்து’ கணக்கை விட எவ்வளவோ சுலபம். எண்பதுக்கு மட்டும் பிரான்சைப் போலவே ‘நாலு-இருபது’. டச்சில் எழுபத்தைந்து ‘ஐந்தும் எழுபதும்’ என்று பின்னாலிருந்து வரும். போன் எண்ணை இரண்டு இரண்டு இலக்கமாகச் சொல்கிற ஊர் என்பதால் 75 என்பது எழுதும் கையில் 57 ஆகிவிடும். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

கடையில் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது ‘சில் வூ ப்ளே’ என்பார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கு ‘தயவுசெய்து’ என்று பொருள். என்னவோ கேட்கிறார் என்று விழிக்க வேண்டாம். இங்கே அது ‘இந்தாங்க’. டச்சுப் பக்கம் ‘ஆல்ஸ்டூப்லீஃப்ட்’டும் இப்படியே. பிளாண்டர்ஸில் பிரெஞ்சில் ஆரம்பிப்பதை விட நேராக ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் முகம் மலரும். வலோனியாவில் ஒரு ‘பொன்சூர்’ சொல்லாமல் கேள்வி கேட்காதீர்கள்.

அடுத்து உருளைக்கிழங்கு வறுவல். பெல்ஜியத்தில் எதை விட்டாலும் இதை விட முடியாது. முச்சந்தியிலும் ரயில் நிலைய வாசலிலும் இருக்கும் சின்னப் பெட்டிக் கடைக்கு டச்சில் ஃப்ரீட்கோட், பிரெஞ்சில் ஃப்ரிட்டரி. பின்ட்யே என்ற மாவுப் பதம் உள்ள கிழங்கை ஒரு செ.மீ. தடிமனில் நறுக்கி, முதலில் 150 டிகிரி அளவில் ஐந்தாறு நிமிடம் நிறம் மாறாமல் வேகவிடுவார்கள். எடுத்து அரை மணி நேரமாவது ஆறவைப்பார்கள். நீங்கள் கேட்ட பிறகு 175 முதல் 180 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் மறுபடி பொரிப்பார்கள். நடுவில் ஆறும்போது உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவதால்தான் இரண்டாவது தடவை மேல்பக்கம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மாவாகவும் வரும். அவசரப்பட்டு ஒரே தடவையில் பொரித்த கடையைச் சாப்பிடும்போதே கண்டுபிடிக்கலாம், மூன்றாவது நிமிடத்தில் துண்டு தொங்கிவிடும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதைக் கவனிக்கவும். அந்த மணத்துக்கும் சுவைக்கும் காரணம் மாட்டுக் கொழுப்பு. பழைய முறைக் கடைகள் அதில்தான் பொரிக்கின்றன. கிழங்கு சைவம்தானே என்று நம்பிவிடக் கூடாது. டச்சுப் பக்கம் ‘பிளான்ட்ஆர்டிகே ஓலி?’, பிரெஞ்சுப் பக்கம் ‘யூல் வெஜெத்தால்?’ என்று கேட்டால் தாவர எண்ணெயா என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஒரே எண்ணெயில் ஃப்ரிகாண்டல் போன்ற இறைச்சி வகைகளையும் பொரிப்பார்களா என்று சேர்த்துக் கேளுங்கள். சாஸுக்குத் தனிக் காசு. ‘சின்னது’ என்று கேட்பதே ஒருவருக்குத் தாராளம்.

பணம் கொடுக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல். 2022 ஜூலை முதல் எல்லாக் கடையும் ஏதாவது ஒரு மின்னணு வழியில் பணம் வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த வழி, பெல்ஜிய வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் வேலை செய்யும் க்யூஆர் குறியீடாக இருந்தாலும் சட்டம் நிறைவேறிவிடும். நம் கார்டு அங்கே ஒன்றும் செய்யாது. பத்து, இருபது யூரோ நோட்டுகளும் கழிப்பறைக்குச் சில்லறையும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக பார்லே என்ற ஊர். வடக்கே நெதர்லாந்துக்குள் சிதறிக் கிடக்கும் 22 பெல்ஜியத் துண்டுகள், அவற்றுக்குள் ஏழு நெதர்லாந்துத் துண்டுகள். இடைக்காலத்து நிலப் பிரபுக்கள் வயல் வயலாகப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் இது, 1843 ஒப்பந்தத்தாலும் நேராக்க முடியவில்லை. இங்கே ரயில் வராது. டர்ன்ஹவுட் வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். கோடையில் சைக்கிள் இன்னும் நல்லது. டர்ன்ஹவுட்டிலிருந்து நெதர்லாந்தின் டில்பர்க் வரை சுமார் 31 கி.மீ. நீளத்துக்குப் பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், அது பார்லே வழியாகவே போகிறது. பிளாண்டர்ஸ் முழுக்கச் சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 1995ல் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கிய முறை அது. போக வேண்டிய சந்திப்பு எண்களை வரிசையாக ஒரு துண்டுத் தாளில் எழுதி கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும். ஒரு சொல்லும் படிக்க வேண்டாம். நாடு முழுக்க இவ்வளவு தெளிவான வழிகாட்டி வேறில்லை.

ஊருக்குள் எல்லை நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளாக ஓடும், ஒரு பக்கம் ‘பி’, மறுபக்கம் ‘என்எல்’. கோடு ஒரு வீட்டைப் பிளந்தால் வாசல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்த நாட்டு வீடு. வீட்டு எண் பலகையின் ஓரத்தில் அந்த நாட்டுக் கொடி நிறம் இருக்கும். கதவின் நடுவிலேயே கோடு போகும் ஒரு வீட்டில் இரண்டு நாட்டு எண்களும் அடித்திருப்பதைப் பார்க்கலாம். 2020ல் கொரோனா அடைப்பின்போது ஒரு துணிக்கடையின் பெல்ஜியப் பாதியை நாடாவால் மறித்துவிட்டு நெதர்லாந்துப் பாதியில் வியாபாரம் செய்தார்கள். சிலுவைக் கோட்டைக் காலால் தொடர்ந்தபடி ஊரைச் சுற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை போனால் திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியவுடனே நிறுத்தத்துப் பலகையில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், வார நாளை விட அன்று குறைவு.