பிறந்த இடம்: மஸ்கெலியா

கிளினிக்கில் என் அட்டையை எழுதிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே பக்கத்து மேசையிடம் கேட்டாள்: "இந்தியாக்காரி ஒண்ணு வந்திருக்கு, பதிவு எப்பிடிப் போடுறது?" வாந்தி மயக்கத்தில் பெஞ்சில் சாய்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலகிரிக் கூடலூரில் இருபத்தாறு வருஷம் நான் சிலோன்காரி. பள்ளிக்கூடத்தில் சிலோன்காரி, ரேஷன் கடை வரிசையில் சிலோன்காரி, பஸ்ஸில் சண்டை வந்தால் முதலில் வந்து விழுகிற வார்த்தையும் அதுதான். கல்யாணம் கட்டிக்கொண்டு அந்தச் சிலோனுக்கே வந்து இறங்கினால், இங்கே இந்தியாக்காரி.

அத்தைக்குத்தான் கோபம். "அவ எங்க அண்ணன் மக. இந்தியாக்காரி கிந்தியாக்காரின்னு பேசாதீங்க" என்று கிளினிக்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டார். அண்ணன் என்றால் ஒன்றுவிட்ட அண்ணன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று எழுதிக்கொண்டார்கள் அல்லவா, விட்டுப்போன ஒன்றரை லட்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதி என்று முடித்தார்கள் அல்லவா, அந்தப் பங்கில் என் தாத்தா இந்தியாவுக்கு, தாத்தாவின் தம்பி இலங்கைக்கு. தம்பியின் மகள்தான் அத்தை. அத்தையின் மகனைத்தான் நான் கட்டியிருக்கிறேன். அறுந்த நூலை முடிந்துவிட்டதாக இரண்டு பக்கத்துக் கிழங்களும் சந்தோஷப்பட்டார்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் நான் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் பெரிதாக மாறிவிடவில்லை. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அங்கேயும் அட்டை கடிக்கும், மழை பெய்தால் துணி காயாது. நோர்வுட் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில், பத்துக் காம்பராவில் எங்களுடையது மூன்றாவது. என் வீட்டுக்காரர் ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடையில் வேலை. இரண்டே மாதத்தில் வீட்டை 'காம்பரா' என்றும், வாசல் திண்ணையை 'இஸ்தோப்பு' என்றும், பால் ஊற்றாத டீயை 'பிளேன்டீ' என்றும் சொல்லப் பழகிவிட்டேன். பழகிவிட்டது என்றுதான் அம்மாவிடமும் போனில் சொன்னேன். சொல்லி முடித்த கையோடு, மிக்சியில் அரைத்த சட்னியின் வாசனை எங்கிருந்தோ மூக்கில் ஏறி, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இங்கே வந்து நான் மனசாரச் சந்தோஷப்பட்ட விஷயம் மிட்வைஃப் மிஸ். ஊரிலும் நர்சம்மா உண்டு, வருவார்கள். ஆனால் இந்த மிஸ், குடையும் கறுப்புப் பையுமாக மேட்டில் ஏறி வந்து, இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படி வரைக்கும் வந்து பானையைத் திறந்து பார்ப்பார். "என்ன சமைச்சீங்க? கீரை எங்க? ரொட்டியும் சம்பலும் தின்னா பிள்ளைக்கு ரத்தம் எங்கிருந்து வரும்?" மிட்வைஃப் வீடு தேடிப் போகிற இந்த முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். அத்தை உடனே, "தோட்டத்து லயத்துக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சுன்னும் சொல்லுங்க மிஸ்" என்றார். மிஸ் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை, கல்சியம், விட்டமின் சி எல்லாம் கையில் எண்ணிக் கொடுப்பார்கள். திரிபோஷ என்கிற சத்துமா பாக்கெட்டும் உண்டு, 750 கிராம், சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்தது. தேங்காய்ப் பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் அருமையாக இருக்கும். கர்ப்பிணிக்குக் கொடுத்ததை வீடு முழுக்கத் தின்னக் கூடாது என்று மிஸ் சொல்வார். லயத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் வாசலில் வந்து நிற்கும்போது எப்படித் தனியாகத் தின்பது?

கிளினிக் நாளில் அத்தை என்னோடு வந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போய்விடும். காலையில் கொஞ்சம் கொழுந்து பறித்துவிட்டு ஓடி வருவார், கங்காணி அரைப் பேர்தான் போடுவார். நான் தனியாகப் போகிறேன் என்றால் கேட்க மாட்டார். எட்டாம் மாதத்திலிருந்து, காலையில் தொடங்கி பிள்ளையின் துடிப்பைப் பத்து வரைக்கும் எண்ணிக் கோடு போடச் சொன்னார்கள். சாயங்காலம் அத்தை மலையிலிருந்து இறங்கி வந்ததும் இரண்டு பேரும் கணக்கு ஒப்பிப்போம். அவர் கிலோ சொல்வார், நான் உதை சொல்வேன்.

இனி அம்மா விஷயம். தலைப்பிள்ளை தாய் வீட்டில் என்பதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுக் கூட்டிக்கொண்டு போவது, மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துப் பிள்ளையோடு கொண்டுவந்து விடுவது. என் விசா இழுபறியில் நான் இந்தியா போய் வருவது சரிப்படாது என்று ஆனதும், அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "அப்ப நான் வரேன்." அவருக்கு பாஸ்போர்ட் கிடையாது. நீலகிரியைத் தாண்டி அவர் போனதெல்லாம் பழனி வரைக்கும்தான். எழுதிப் போட்டோம்.

விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில்தான் சிக்கியது. அம்மா பிறந்தது மஸ்கெலியா. நாலு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு எங்களைப் போன்றவர்களுக்காகவே அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். கப்பலில் யாரோ கொடுத்த பன் ஒன்றுதான் அவருக்கு ஞாபகம். பிறந்த சர்டிபிகேட் எங்கே? தாத்தாவின் 'தாயகம் திரும்பியோர்' குடும்ப அட்டையில் அம்மாவின் பெயர் ஒரு எழுத்து மாறி இருக்கிறது. விசாரணைக்கு வந்தவர், "சிலோன்ல பிறந்துட்டு சிலோனுக்கு எதுக்குப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "பொண்ணு பிரசவத்துக்கு" என்று அம்மா சொல்ல, "பொண்ணு எங்க பிறந்துச்சு?" "கூடலூர்." "அப்ப பொண்ணு எதுக்கு அங்க போச்சு?" அம்மா என்ன பதில் சொல்வார்? ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். ஒவ்வொரு ஆபீஸிலும் இன்னொரு காகிதம் கேட்டார்கள். இங்கே பிறந்ததால்தான் அவரால் இங்கே வர முடியவில்லை. இதை நான் எத்தனையோ ராத்திரி புரண்டு படுத்து யோசித்துவிட்டேன், இன்னும் எனக்கு ஆறவில்லை.

மஸ்கெலியா எங்களுக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான். பழைய மஸ்கெலியா டவுன் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்றுகிற வருஷங்களில் பழைய கோயில் வெளியே தெரியும் என்பார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கரையில் நின்று வீடியோ கால் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். "எல்லாம் தண்ணியா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பனியில நிக்காத, காதுக்குத் துணி கட்டு" என்றார்.

சரி, அம்மா இல்லாமலே ஒன்பதாம் மாதத்தில் லயத்துப் பெண்கள் சேர்ந்து வளையல் போட்டார்கள். புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம் மூன்றும் இருந்தன. எலுமிச்சைச்சாதத்துக்கு எலுமிச்சை கிடைக்காமல் தேசிக்காய் பிழிந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கைக்கு ஒன்பதாகப் பதினெட்டுக் கண்ணாடி வளையல். லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவின் அம்மாயி என் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு, "ஒங்க அப்பாயி செல்லம்மாவும் நானும் ஒண்ணாக் கொழுந்து பறிச்சோம்" என்று அழுதார். என் அப்பாயி இந்தத் தோட்டத்தில் இருந்ததே இல்லை. அவர் சொல்கிற செல்லம்மா வேறு யாரோ. ஆனாலும் நான் தலையாட்டினேன். அந்த நேரத்துக்கு எனக்கு ஓர் அப்பாயி தேவைப்பட்டார்.

மிஸ் கடைசியாக வந்தபோது விரல் விட்டுச் சொல்லிப் போனார்: தண்ணீர்க்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், பிள்ளைத் துடிப்பு குறைந்தால், தலை வெடிக்கிற மாதிரி வலித்துக் கண் மங்கினால் காத்திருக்கக் கூடாது, அப்படியே கிளம்பணும். டொக்டரோ, தேதி நெருங்கியதும் "வாட்டில நிப்பாட்டணும்" என்றார். எனக்குத் திக்கென்றது. இந்த வயிற்றோடு எவ்வளவு நேரம் நிற்பது? அட்மிட் செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

அந்தத் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே விடியக் காலை இடுப்பில் பிடித்தது. அத்தை முதலில் சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். பொய் வலி என்றால் அடங்கும், நிஜ வலி என்றால் கூடும். அம்மா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். வலி கூடியது. 1990க்கு அடித்தோம். நம் ஊர் 108 மாதிரிதான், இந்தியா கொடுத்த உதவியில் 2016இல் தொடங்கியது. "ஒங்க நாட்டு வண்டி, ஏறு" என்று என் வீட்டுக்காரர் அந்த வலியிலும் பகடி பண்ணினார். அடிக்கக் கை ஓங்கினேன், அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. கீழே ரோட்டுக்கு என்னை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். முன்பெல்லாம் கொழுந்து லொறிதானாம்.

ஆஸ்பத்திரி வாசலில் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கை வீங்கியிருந்ததால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழற்றினோம். மூன்று உடைந்தது. மிச்சம் பதினைந்தையும் அத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, பிரசவ அறைக்குள் கூட யாரும் வரக் கூடாது, இடம் நெருக்கம், மறைப்பு கிடையாது என்றார்கள். தமிழ்நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே சொந்தக்காரப் பொம்பளை ஒருத்தி கூட இருக்கலாம். என் அக்காவுக்கு அம்மா இருந்தார். (அக்காவுக்குக் கூட ஆளும் இருந்தது, நர்சிடம் திட்டும் இருந்தது. இங்கே ஒருவரும் திட்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எது பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.) கூட ஆள் இருந்தால் வலி நேரமும் குறையும், ஆபரேஷனும் குறையும் என்று ஆராய்ச்சி செய்தே கண்டுபிடித்திருக்கிறார்களாம். நம் கிழவிகள் அதை ஆராய்ச்சி இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே எனக்கு சிங்களம் தெரியாது, அங்கிருந்த மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை. இடது பக்கமாகப் படுக்கவைத்தார். வலி ஏறும்போதெல்லாம் வந்து உள்ளங்கையை என் இடுப்பெலும்பில் வைத்து அழுத்திப் பிடித்தார். அவர் கையில் டெட்டால் வாசனை, மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெண் "அம்மே, அம்மே" என்று கத்தினாள். நான் "அம்மா, அம்மா" என்றேன். ஒரு கட்டத்தில் யார் குரல் எது என்றே தெரியவில்லை. கர்ப்பிணியை இங்கே அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால், மிஸ்ஸும் "அம்மா, அம்மா" என்று எங்களை அதட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் "தல்லு கரன்ன!" என்றார். யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. தள்ளினேன்.

பையன். மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வயிறு கட்டிவிட்டார், வெந்நீரை இடுப்பில் விசிறி விசிறி ஊற்றினார், பூண்டைச் சுட்டுத் தந்தார், சுறாக் கருவாட்டைப் புட்டுச் செய்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா போனிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டினார்: "காலை நீட்டி உக்காரு, குப்புறப் போடு, ம், மூக்கைப் பிடிச்சு விடு, போனைக் கொஞ்சம் கீழ காட்டு." போனைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரரின் கை நடுங்கி, அம்மாவுக்குப் பாதி நேரம் கூரைத் தகரம்தான் தெரிந்தது.

மிட்வைஃப் மிஸ் மறுபடி மேடேறி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார், பால் சரியாகக் குடிக்கிறானா என்று பார்த்தார், என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழுகை வருதா?" என்று கேட்டார். "இல்ல மிஸ், பழகிடுச்சு" என்றேன். எங்க ஊரில் இந்த நேரத்துக்கு என்று ஏதோ சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டேன்.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. கட்டுநாயக்காவுக்கு விமானத்தில் வந்த ஒருவரிடம் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேரும்போது பையனுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. உள்ளே அவர் கையாலேயே கோத்த வசம்பு வளையல் இரண்டு, பிறந்த பிள்ளைக்கான அளவில். மணிக்கட்டில் ஏறவில்லை. நான் அதைத் திரும்பப் பொட்டலத்தில் வைக்கப் போனேன். அத்தை வாங்கி, பல்லால் நூலைக் கடித்து அறுத்து, ஹட்டனில் வாங்கிய கருமணியில் பக்கத்துக்கு மூன்று மணி சேர்த்துக் கோத்து, நாக்கில் எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினார்.