வெனிஸில் கோண்டோலாவை விடுங்கள், சில்லறை நாணயம் எடுத்துப் போங்கள்

ஐரோப்பா பேக்கேஜ்களில் வெனிஸுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் நான்கு மணி நேரம். படகில் வந்து இறங்க அரை மணி, கண்ணாடி ஊதும் பட்டறையில் முக்கால் மணி, சான் மார்க்கோ சதுக்கத்தில் போட்டோ, கூடுதல் காசுக்குக் கோண்டோலா. அப்படிப் போய் வந்தவர்கள் "வெனிஸா? எல்லாம் கொள்ளை விலை, ஒரே கூட்டம்" என்று சொல்லும்போது ஆற்றாமையாக இருக்கிறது. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குக் காட்டியது அவ்வளவுதான்.

கணினியில் சாய்வெழுத்து போடுகிறோம். கடைக்கணக்கில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதுகிறோம். கொரோனாவின்போது குவாரண்டைனில் இருந்தோம். சாய்வெழுத்து அச்சு பிறந்தது இங்கே. இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கும் லூகா பாச்சோலியின் நூல் 1494இல் அச்சானதும் இங்கேதான். அவர் அதை வெனிஸ் முறை என்றே சொல்கிறார். குவாரண்டைன் என்ற சொல், தொற்றுக்காலத்தில் கப்பல்களைக் கரைக்கு விடாமல் நிறுத்திவைத்த நாற்பது நாளிலிருந்து வந்தது. இத்தாலிய மொழியில் நாற்பது என்றால் குவாரந்தா. கெட்டோ, கெஸட், ஆர்சனல் ஆகிய சொற்களும் இந்த ஊர் வழியாகத்தான் உலகத்துக்குப் போயின.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். யூரோவை நூறால் பெருக்கினால் ஏறக்குறைய நம் ரூபாய்க் கணக்கு வந்துவிடும். வாப்பரெட்டோ என்ற பொதுப் படகில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. இது அநியாயம்தான். இரண்டு தடவைக்கு மேல் ஏறுவதாக இருந்தால் 24 மணி நேரப் பாஸ் 25, மூன்று நாள் பாஸ் 45. பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மேடையில் இருக்கும் கருவியில் காட்ட வேண்டும். மறந்தால் அபராதம், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். விமான நிலையப் படகுக்கு இந்தப் பாஸ் செல்லாது. பலர் ஏமாறும் இடம் இது. தங்குவதற்கு நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே மலிவு, அங்கிருந்து வெனிஸின் சாந்தா லூசியா நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம்தான்.

காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு 2024 முதல் நுழைவுக் கட்டணம் இருக்கிறது. வருடம் முழுக்க இல்லை. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறித்த நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை. 2025இல் முன்கூட்டியே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது. அதனால் அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கையும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது கோண்டோலா. நகராட்சி வைத்த விலை பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு 35 நிமிடத்துக்கு 110. இது ஆளுக்கல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். ஐந்து பேர் சேர்ந்தால் போய் வாருங்கள். இரண்டு பேருக்கு நான் சொல்லவே மாட்டேன். அதே 90 யூரோவில் ஒருவருக்கு மூன்று நாள் படகுப் பாஸ், பிராரி தேவாலயம், சான் ரொக்கோ சபைக் கட்டடம், சான் மார்க்கோ சதுக்க அருங்காட்சியகங்கள் எல்லாம் அடங்கிவிடும்: 45, 5, 10, 30. கோண்டோலாவில் கால் வைத்தே ஆக வேண்டுமென்றால் திராகெத்தோ இருக்கிறது. பெரிய கால்வாயை அக்கரைக்குக் கடத்திவிடும் தோணி, 2 யூரோ.

பிராரிக்கும் சான் ரொக்கோவுக்கும் நடுவே நூறு அடிகூட இருக்காது, ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் வேண்டும். பிராரியின் பீடத்துக்கு மேலே தித்சியானோ 1516–18இல் வரைந்த மரியாவின் விண்ணேற்பு ஓவியம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் உயரம், மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். வாசலில் நுழைந்ததுமே, பாடகர் குழுவின் கல்வேலி வளைவு ஓவியத்துக்குச் சட்டம் போட்டதுபோலத் தெரியும். அங்கேயே நின்று ஒரு முறை பாருங்கள், பிறகு கிட்டே போங்கள். தித்சியானோவின் கல்லறையும் இசையமைப்பாளர் மொந்தெவெர்தியின் கல்லறையும் இதே கூரையின் கீழ்தான் இருக்கின்றன.

சான் ரொக்கோவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெனிஸில் சுவர்ச் சாந்தின் மேல் வரைந்த ஓவியங்கள் நிற்பதில்லை. அடியிலிருந்து செங்கலில் ஏறும் ஈரமும் காற்றில் இருக்கும் உப்பும் சாந்தைப் பொரித்து உதிர்த்துவிடும். பாய்மரத் துணிக்கோ இந்த ஊரில் பஞ்சமே இல்லை. அதனால் ஓவியர்கள் துணிக்கு மாறினார்கள். துணியில் எண்ணெய் வண்ணம் என்பதை உலகம் முழுக்க இன்று வழக்கமாக்கியதில் இந்த ஈரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நிறமும் அப்படித்தான். ஆப்கானிஸ்தானின் நீலக்கல் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் இது. நிறம் மட்டுமே விற்கும் வணிகர்கள் இங்கே தனித் தொழிலாக இருந்தார்கள். வெனிஸ் ஓவியத்தின் நீலம் ஏன் அப்படி ஜொலிக்கிறது என்றால் பதில் துறைமுகத்தில் இருக்கிறது.

1564இல் சான் ரொக்கோ சபை என்ற பக்தர் சங்கம் ஒரு கூரை ஓவியத்துக்குப் போட்டி வைத்தது. மற்றவர்கள் மாதிரி வரைபடம் கொண்டு வந்தார்கள். ஓவியர் தின்தொரெத்தோ முழு ஓவியத்தையே முடித்துக் கூரையில் பொருத்திவிட்டு, புனிதருக்கு என் காணிக்கை என்றார். காணிக்கையை மறுக்கச் சபை விதியில் இடமில்லை. அடுத்த 20 வருடத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தைக் கிட்டத்தட்டத் தனியாக நிரப்பினார், பின்னாளில் வருடத்துக்கு 100 டுகாட் (அன்றைய வெனிஸ் நாணயம்) ஊதியத்தில். மேல்தளத்தில் கூரையைப் பார்க்கக் கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள். வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதன் பக்கத்துச் சிறிய அறையில் 1565இல் வரைந்த சிலுவைப்பாடு, 12 மீட்டர் அகலம். நடுவில் இயேசுவைப் பார்த்தவுடன் திரும்பிவிடாதீர்கள். இடது பக்கம் ஒரு சிலுவையைக் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்துகிறார்கள். அந்த ஆட்களின் முதுகும் தோளும் துறைமுகக் கூலிகளுடையவை. வலது பக்கம் இன்னொருவனைப் படுத்த நிலையில் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். துணியின் தையல் மூட்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து அரை மணியாவது கொடுங்கள்.

தலைப்பில் சொன்ன சில்லறை சான் சக்கரியா தேவாலயத்துக்கு. உள்ளே போகக் கட்டணம் இல்லை. இடது பக்கச் சுவரில் ஜொவான்னி பெல்லினி 1505இல் வரைந்த பீட ஓவியம் இருட்டில் கிடக்கும். பக்கத்துப் பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். 50 சென்ட், 1 யூரோ நாணயம் நான்கைந்து இல்லாமல் போகாதீர்கள். ஓவியத்தில் வரைந்த தூண்களும் அதைச் சுற்றியுள்ள நிஜக் கல்தூண்களும் ஒரே கட்டடம்போலச் சேரும். சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது என்றே கண் நம்பும். மரியாவின் அரியணைக்குக் கீழே ஒரு தேவதை வில்லால் நரம்பிசைக் கருவி வாசித்துக்கொண்டிருக்கும். நான்கு புனிதர்களும் அவரவர் நினைப்பில் நிற்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் அந்த இசையைக் கேட்பதுபோல இருக்கிறது. அடுத்த வருடம் வெனிஸிலிருந்து எழுதிய கடிதத்தில் ஜெர்மன் ஓவியர் ட்யூரர், பெல்லினிக்கு மிகவும் வயதாகிவிட்டது, ஆனாலும் ஓவியத்தில் இன்னும் அவரே சிறந்தவர் என்கிறார். நெப்போலியன் இந்தப் படத்தையும் பாரிஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிறகுதான் திரும்ப வந்தது.

இசைக்கு வருவோம். பொய் விளம்பரம் அதிகம் இருப்பது இதில்தான். பவுடர் விக் வைத்த ஆட்கள் தெருவில் நின்று இந்த ஊர் இசையமைப்பாளர் விவால்டி பெயரில் கச்சேரிக்கு டிக்கெட் நீட்டுவார்கள். "விவால்டி வாசித்த தேவாலயம்" என்று கடற்கரைச் சாலையில் இருக்கும் பியெத்தாவைக் காட்டுவார்கள். இப்போதுள்ள தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியது 1745இல். விவால்டி 1741இலேயே வியன்னாவில் இறந்துவிட்டார். அவர் 1703 முதல் பெண் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த பழைய ஆதரவற்றோர் இல்லமும் சிற்றாலயமும் பக்கத்திலேயே இருந்தன, இன்று இல்லை. அந்தப் பெண்கள் இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்று பாட, ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் கேட்க வந்தார்கள். விவால்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் நடந்து சான் ஜொவான்னி இன் பிராகொரா போங்கள். 1678இல் பிறந்த அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆலயம் அது.

சான் மார்க்கோ பேராலயத்தில் காசு செலவில்லாத, நூறு கச்சேரிக்குச் சமமான வாய்ப்பு ஒன்று உண்டு. ஞாயிறு காலைப் பாடல் திருப்பலி. வடபக்க வாசல் வழியாக வழிபடுகிறவர்களை விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கேமரா கூடாது, நடுவில் எழுந்து போகக் கூடாது. மாடத்தில் எதிரெதிரே குழுக்கள் நின்று பாடும் முறையை 16ஆம் நூற்றாண்டில் இங்கே வளர்த்தார்கள். 1527இல் இசைத் தலைவராக வந்த வில்லார்ட், பிறகு இசையமைப்பாளர்களான கப்ரியேலி குடும்பத்தார். அந்தக் குவிமாடங்களுக்குள் ஒலி சீக்கிரம் அடங்காது. வேகமாகப் பாடினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால்தான் ஒரு பக்கம் நிறுத்த, மறு பக்கம் எடுக்க என்று அகலமாக எழுதினார்கள். அதைப் பதிவில் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூட்ஸ் இங்கே வந்து கற்று அதை ஜெர்மனிக்குக் கொண்டு போனார்.

டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் ஓபரா என்ற இசை நாடகத்தைப் பார்க்கலாம் என்ற ஏற்பாடும் இந்த ஊர் கொடுத்ததுதான். அதுவரை அரண்மனை விருந்தாளிகளுக்கு மட்டும் இருந்த கலைக்கு 1637இல் சான் கசியானோவில் முதல் பொது அரங்கு திறந்தது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. லா பெனிசே அரங்கில் இப்போதும் பார்க்கலாம். மேடை சரியாகத் தெரியாத இருக்கைகளும், கேட்க மட்டும் என்று விற்கும் இருக்கைகளும் மிகவும் மலிவு. ரிகொலெத்தோ, லா திராவியாதா என்ற புகழ்பெற்ற ஓபராக்கள் முதலில் மேடையேறிய அரங்கு அது.

சாப்பாட்டில் ஒரே ஓர் எச்சரிக்கை. மெனுவில் மீனுக்குப் பக்கத்தில் 8 யூரோ என்று போட்டு, சின்ன எழுத்தில் "எத்தோ" என்று இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. 600 கிராம் மீன் வந்தால் 48 யூரோ, அதாவது ஐயாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எடை போட்டு முழு விலை சொன்ன பிறகே சரி சொல்லுங்கள். சதுக்கத்துக் காபிக்கடைகளில் வாத்தியக் குழு வாசித்தால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. இரண்டையும் விட்டு பாக்கரோ எனப்படும் நின்று சாப்பிடும் கடைக்குப் போங்கள். ஒரு சின்னத் துண்டு இரண்டு யூரோ அளவில், கண்ணாடிப் பெட்டியில் காட்டி வாங்கலாம். பக்கலா மந்தெகாத்தோ கட்டாயம் சாப்பிட வேண்டும். நார்வேயில் உப்பில்லாமல் காற்றில் உலர்த்திய காட் மீன் அது. 1432 வாக்கில் கப்பல் உடைந்து லொபோதன் தீவில் கரையொதுங்கிய கெரினி என்ற வெனிஸ் வணிகர்தான் இந்தக் கருவாட்டை ஊருக்கு அறிமுகம் செய்தார் என்பார்கள். நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வெண்ணெய்போல் ஆகும் வரை அடிப்பார்கள். கருவாடு என்று நம்பவே முடியாது. சார்தே இன் சவோர், வறுத்த மத்தியை வினிகர் வெங்காயம், உலர் திராட்சையோடு ஊறவைத்தது. கடலோடிகள் கெடாமல் வைத்துச் சாப்பிட்ட பண்டம். சைவக்காரர்கள் கூனைப்பூ, முட்டை துண்டுகளைக் கேட்கலாம்.

சதுக்க அருங்காட்சியக டிக்கெட்டை முக்கால்வாசிப் பேர் தோஜே எனப்பட்ட ஆட்சித் தலைவரின் அரண்மனையோடு முடித்துக்கொள்கிறார்கள். அதே டிக்கெட்டில் எதிர்ப்பக்கம் கொர்ரேர் அருங்காட்சியகமும் அதன் வழியே மார்ச்சியானா நூலகமும் சேர்த்தி. 1468இல் கர்தினால் பெஸ்ஸாரியோன் கொடுத்த கிரேக்கச் சுவடிகளில் தொடங்கிய நூலகம் அது. இந்த ஊர் அச்சகர் அல்தோ மனூத்சியோ 1501இல் கையடக்கமான சாய்வெழுத்துப் புத்தகங்களை அச்சிட்டு, சங்கிலி போட்ட மேசையிலிருந்து நூலைப் பயணிகளின் பைக்குக் கொண்டு வந்தார். அரைப்புள்ளியும் அவர் அச்சகத்தில் பிறந்ததுதான். அதே 1501இல் பெத்ருச்சி என்ற இன்னொரு அச்சகர் இசைக் குறிகளைப் புத்தகமாக அச்சிட்டார்.

1450 வாக்கில் துறவி பிரா மௌரோ வரைந்த வட்ட உலகப்படமும் இந்த நூலகத்தில்தான் இருக்கிறது. தெற்கு மேலே இருக்கும், அதனால் முதலில் தலை சுற்றும். ஆப்பிரிக்காவின் தெற்கே கடல் திறந்திருப்பதைப் பாருங்கள். வாஸ்கோ ட காமா அந்த வழியே கோழிக்கோடு சேர இன்னும் ஏறக்குறைய ஐம்பது வருடம் இருந்தது. அந்த வழி திறந்த பிறகுதான் அலெக்சாந்திரியா வழியாக வந்த மிளகில் வெனிஸின் பிடி தளரத் தொடங்கியது.

மார்க்கோ போலோவின் வீடு ரியால்தோவுக்கு அருகே மலிப்ரான் அரங்கத்தின் பின்னால் இருந்தது. கோர்த்தே செகொந்தா தெல் மிலியோன் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கதவெண்கள் தெருவாரியாக அல்ல, பேட்டைவாரியாக ஓடும். வரைபடத்தில் கதவெண்ணை மட்டும் நம்பினால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். உள்ளே பழைய கல்வளைவு ஒன்று நிற்கிறது. பாண்டியர் காலத்துக் காயல் துறைமுகத்தையும் அங்கே வந்து இறங்கிய குதிரைகளையும், கடலில் முத்துக் குளித்ததையும் ஐரோப்பாவுக்குச் சொன்னவர் இந்த முற்றத்துக்காரர். பார்க்கக் கட்டணம் கிடையாது. காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள்.