சவரக் கண்ணாடியின் குவியத் தொலைவை அளந்து பார்த்தது

பள்ளியில் குழி ஆடிக்குக் கதிர்ப்படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேனே தவிர, பிம்பம் எங்கே விழுகிறது என்று ஒருமுறையும் அளந்து பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, வீட்டில் இருந்த 15 செ.மீ. விட்டமுள்ள சவரக் கண்ணாடி (அதுவும் குழி ஆடிதான்), தையல் நாடா, வெள்ளை அட்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டு மூன்று மாலைகள் செலவிட்டேன்.

முதல் வேலை குவியத் தொலைவைக் கண்டுபிடிப்பது, அதாவது இணையாக வரும் கதிர்கள் ஆடியில் பட்டுத் திரும்பி ஒன்றுசேரும் புள்ளியான குவியம் ஆடியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பது. தொலைவில் உள்ள பொருளிலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வந்து குவியத்தில் சேரும் என்பதால், கண்ணாடியை அறையின் ஒரு சுவரில் சாய்த்து வைத்து, எதிரே 4 மீட்டர் தள்ளியிருந்த சன்னலின் பிம்பத்தை அட்டையில் பிடித்தேன். கம்பிகள் தலைகீழாக, ஊசிமுனை போலத் தெளிவாக விழுந்த இடம் ஆடியிலிருந்து 44.5 செ.மீ. அதையே குவியத் தொலைவு என்று குறித்துக்கொண்டேன்.

இருட்டிய பிறகு மெழுகுவத்தியை ஆடிக்கு முன் 60 செ.மீ. தொலைவில் வைத்தேன். பொருளின் தொலைவு, பிம்பத்தின் தொலைவு ஆகிய இரண்டின் தலைகீழிகளையும் (ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வருவது) கூட்டினால் குவியத் தொலைவின் தலைகீழி கிடைக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி சுடரின் பிம்பம் 172 செ.மீ. தொலைவில் விழ வேண்டியிருந்தது. அங்கே மங்கலான ஒளித்திட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அட்டையை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தபோது 120 செ.மீ. அருகில் சுடர் பளிச்சென்று தலைகீழாக நின்றது. அரை மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டை அளவைப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

மறுநாள் பகலில் சன்னல் பிம்பத்தை மீண்டும் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கம்பிகள் தெளிவாக இருக்கும் இடத்தில் வெளியே இருந்த வேப்பமரம் கலங்கியிருந்தது. அட்டையை ஆடியை நோக்கி நாலரை செ.மீ. நகர்த்தியதும் மரத்தின் கிளைகள் கூர்மையடைந்து கம்பிகள் கரைந்துபோயின. நான் 'தொலைவு' என்று எண்ணிய 4 மீட்டர் இந்த ஆடிக்குத் தொலைவே அல்ல. 400, 44.5 ஆகிய இரண்டையும் சமன்பாட்டில் இட்டால் குவியத் தொலைவு 40 செ.மீ. என்றுதான் வருகிறது. நூறு மீட்டருக்கும் அப்பால் தெரிந்த ஒரு மாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சரிபார்த்தபோதும் அதே 40 கிடைத்தது.

இதற்குள் மெழுகுவத்தியையும் கைவிட்டிருந்தேன். எரிய எரியச் சுடர் கீழே இறங்குவதால் பிம்பம் மேலேறிக்கொண்டே போகிறது. காற்றுக்கு அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை தாளவில்லை. அதற்குப் பதிலாக, அட்டையில் 2 செ.மீ. உயரமுள்ள அம்புக்குறியை வெட்டியெடுத்து, அந்தத் துளையின் பின்னால் கைவிளக்கை வைத்தேன். அம்பு 60 செ.மீ. தொலைவில் இருந்தபோது பிம்பம் 120-இல், 4 செ.மீ. உயரத்துடன் விழுந்தது. 80-இல் வைத்தபோது பிம்பமும் 80-இலேயே, அதே உயரத்தில், பொருளுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. 100-இல் வைத்தபோது 66.5 கிடைத்தது, கணக்குப்படி 66.7. இந்த இடத்தில் அட்டையே ஆடிக்குச் செல்லும் ஒளியை மறைத்துவிடும் என்பதால், அட்டையைக் குறுகலாக வெட்டி, ஆடியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அளக்கும்போது நாடாவை ஆடியின் விளிம்பிலிருந்து பிடிக்கக் கூடாது என்பதையும் தாமதமாகவே உணர்ந்தேன். இந்த ஆடியின் நடுப்பகுதி விளிம்பைவிட ஏறத்தாழ மூன்றரை மி.மீ. உள்ளே குழிந்திருக்கிறது.

குவியத்துக்கு உள்ளே, 20 செ.மீ. தொலைவில் பென்சிலை நிறுத்தினால் அட்டையில் எதுவும் விழாது. ஆடிக்குள் பார்த்தால் நேராகவும் இரு மடங்கு பெரிதாகவும் தெரியும். இந்த மாய பிம்பம் இருக்கும் இடத்தைக் காண, ஆடிக்குப் பின்னால், அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்படி ஒரு நீளமான குச்சியை நிறுத்தித் தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். குச்சியும் பிம்பமும் விலகாமல் சேர்ந்தே நகர்ந்த இடம் 41 செ.மீ. கணக்கு 40 என்கிறது. தலையை அசைத்து அளந்ததற்கு இது மோசமில்லை.

மூன்றாம் மாலை, ஆடியின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினேன். பாதி அம்பு மறைந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். முழு அம்பும் இருந்தது, ஒளி மட்டும் குறைந்தது. அம்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி ஆடி முழுவதிலும் படுவதால், எஞ்சிய பாதியே முழுப் பிம்பத்தையும் அமைத்துவிடுகிறது. பிறகு நடுவில் 6 செ.மீ. துளையிட்ட தாளால் விளிம்பை மட்டும் மூடினேன். பிம்பம் மங்கினாலும் ஓரங்கள் திருத்தமாயின. ஆனால் அட்டையை முன்னும் பின்னும் 2 செ.மீ. நகர்த்தினாலும் பிம்பம் அவ்வளவாகக் கலங்காததால், சரியான இடம் எது என்று சொல்வது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. ஆகவே அளவுகளை எல்லாம் திறந்த ஆடியிலேயே எடுத்தேன். பிம்பத்தைப் படம் பிடிப்பதற்கு மட்டும் அந்தத் தாளை வைத்துக்கொண்டேன்.