இரண்டு பை, ஒரு லொறி

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் குப்பை எடுக்கிற ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் ஆறு வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். விடிய ஐந்தரைக்கு லொறியோடு இறங்கினால், கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடிகள் முடியவே எட்டு மணியாகிவிடும். அதற்குள் காலி வீதியில் ஸ்கூல் வான்கள் நெருக்க ஆரம்பித்துவிடும்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்ல குப்பை மலை வீடுகள் மேல் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நாங்கள் ஏற்றி அனுப்பியதும் அந்த மலையில்தான் சேர்ந்திருந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் உக்குவது வேறு, உக்காதது வேறு என்று பிரித்து வாங்குவதில் நான் பிடிவாதமானேன்.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா. தேங்காய்ப்பூச் சக்கை, மரக்கறித் தோல் எல்லாம் ஒரு பையில். பால்மா பக்கெட்டுகளைக் கழுவிக் காயவைத்து, ரப்பர் பேண்ட் போட்டு இன்னொரு பையில் தருவார். உடைந்த போத்தல் இருந்தால் பேப்பரில் சுற்றி, மேலே எழுதியும் வைப்பார். சோற்றுக்குள் கிடந்த கண்ணாடியால் கை கிழிந்த எங்கள் பெடியனுக்கு அதன் அருமை தெரியும்.

ஒருநாள் இரண்டாவது லொறி பழுது. ரெண்டையும் ஒன்றாகப் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது, போட்டோம். அந்த அம்மா பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுக்கா நான் கழுவிக் காயவைச்சுத் தந்தனான்?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கிழமை எல்லாம் ஒரே பையில் வந்தது.

2018 இல், ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பை அறிவித்தபோது உண்மையாகவே பெருமைப்பட்டேன், மழைவெள்ளத்தைத் தாங்கி நிற்கிற அந்தச் சதுப்பு நிலங்கள் இல்லாவிட்டால் இந்த நகரம் என்ன ஆகும் என்று கானும் கால்வாயும் அடைத்து நிற்கும்போது கிட்டப் பார்த்தவன் நான். ஆனால் நகரம் கொடுக்கிற வாக்குறுதியைச் சனம் நம்புவதும் நம்பாததும் லொறி பின்கதவில்தான் தீர்மானமாகிறது. 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். நல்ல விஷயம்தான், ஆனாலும் ஈரச் சோறும் சக்கையும் கலந்து போனால் அங்கும் எரிப்பது சிரமம். புத்தளம் அருவக்காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதும் அப்படித்தான், அந்த ஊர்ச் சனம் ஏன் தெருவில் இறங்கினார்கள் என்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

சரி, அடுத்த முறை லொறி பழுதானபோது நான் கலக்க விடவில்லை. உக்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றது நாளைக்கு என்று வீடு வீடாக ஏறிச் சொன்னோம். மேலிடத்தில் ஏச்சு விழுந்தது. மறுநாள் சொன்னபடி போனோம். அந்த அம்மா கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நாலு மாதம் கழித்துத்தான் அந்த ரப்பர் பேண்ட் போட்ட பை திரும்ப வந்தது.